அத்தியாயம் 4: துலியா, சில்காவா? – கடைக்காரருக்குப் பதில் சொல்லும் இந்தி

தில்லிக்குக் குடிபோகும் தமிழ்க் குடும்பத்துக்கு, அங்கே முன்பே இருந்த யாராவது ஒரு சொற்பட்டியல் எழுதிக் கொடுப்பார்கள். துவரைக்கு அர்ஹர், உளுந்துக்கு உடத், சீரகத்துக்கு ஜீரா என்று போகும் அந்தத் தாள். அது வேண்டியதுதான். ஆனால் அந்தத் தாளை மட்டும் நம்பி மளிகைக் கடைக்குப் போனால் முதல் பொருளிலேயே பேச்சு நின்றுவிடும். ஏனென்றால் கடைக்காரர் திருப்பிக் கேட்பார்.

"பையா, உடத் தால் சாஹியே."

"துலி யா சில்கா?"

"துலி."

"சாபுத் யா டுக்டா?"

"சாபுத்."

"கித்னீ?"

"டேட் கிலோ."

உளுந்துக்கு இந்தியில் என்ன என்ற கேள்வி முதல் வரியோடு முடிந்துவிட்டது. தோல் எடுத்ததா எடுக்காததா, முழுசா உடைத்ததா, எவ்வளவு என்பதுதான் மீதி உரையாடல் முழுவதும். ஆகவே இந்த அத்தியாயத்தில் பொருள்களின் பெயரைவிட, அந்தப் பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொற்களுக்கே அதிக இடம் தருகிறேன். அவை கைவந்துவிட்டால், பெயர் தெரியாத பொருளைக்கூட விரலால் காட்டி வாங்கிவிடலாம்.

இந்திச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் இந்தியில் நான்கு ஒலி உண்டு. துலியில் வரும் 'து', பந்தில் வரும் 'து'. பேசன், பிண்டி, பேங்கன் ஆகியவற்றின் முதலெழுத்து, அம்பில் வரும் 'பு'வின் இனம். கோபியும் குட்டும் தங்கத்தில் வரும் 'க'. ஒலி மாறினால் பொருளே மாறிவிடும் இடங்களை மட்டும் அங்கங்கே தனியாகச் சொல்கிறேன். துலியா துலாவா, கித்னாவா கித்னீயா என்ற ஆண்பால் பெண்பால் கவலை கடையில் வேண்டாம். தப்பாகச் சொன்னாலும் பொருள் சரியாகவே வரும்.

பருப்புக்கு மூன்று சொல்

சாபுத் என்றால் முழுசு, உடைக்காதது. சில்கா என்றால் தோல். பருப்பின் பெயரோடு வரும்போது தோலோடு உடைத்தது. துலி என்றால் தோல் நீக்கியது. உளுந்து, பயறு, மசூர் மூன்றுக்கும் இந்த மூன்று சொல்லும் பொருந்தும்.

மூங் என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பொங்கலுக்கும் கூட்டுக்கும் வேண்டிய பாசிப்பருப்பு, மூங் துலி. சுண்டலுக்கும் முளைகட்டவும் வேண்டிய பச்சைப்பயறு, சாபுத் மூங். இரண்டுக்கும் நடுவே, பச்சைத் தோலும் மஞ்சள் பருப்புமாக இருப்பது மூங் சில்கா. வடக்கே வயிறு சரியில்லாதவர்களுக்குக் கிச்சடி வைக்க இதைத்தான் வாங்குகிறார்கள். பெசரட்டுக்கும் நன்றாக இருக்கும். மசூரில் சாபுத் என்றால் பழுப்பு நிறம், துலி என்றால் ஆரஞ்சு நிறம், ஒரே பருப்புதான்.

உளுந்தில் கவனம் தேவை. சாபுத் உடத் என்று மட்டும் சொன்னால் கறுப்புத் தோலோடு முழு உளுந்து வரும். தால் மக்கனிக்கு உரியது அது. துலி உடத் என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் உடைத்த வெள்ளை உளுந்து வரும். வடைக்கும் தாளிப்புக்கும் அது போதும். இட்லிக்கு வேண்டியது தோல் நீக்கிய முழு உளுந்து. அதற்கு இரண்டு சொல்லையும் சேர்த்து 'துலி சாபுத் உடத்' என்று சொல்லுங்கள். 'உடத் கோட்டா' என்றாலும் அதுவேதான். மாவு பொங்கி வருவதில் முழு உளுந்துக்கும் உடைத்ததற்கும் உள்ள வித்தியாசம், தில்லியின் குளிர்காலத்தில் பளிச்சென்று தெரியும். அதனால் இந்தச் சொல்லை முதல் வாரத்திலேயே பழகிக்கொள்வது நல்லது.

துவரம்பருப்பு தில்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் அர்ஹர். மும்பைப் பக்கம் தூர். கடலைப்பருப்பு சனா தால். கறுப்புக் கொண்டைக்கடலை காலா சனா, வெள்ளை காபுலி சனா. காபுலி சனாவில் செய்யும் குழம்புக்குச் சோலே என்று பேர். தில்லிக்காரர்கள் கடலையையே சோலே என்றும் சொல்வார்கள். நம்முடைய சோளத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சோளம் வேண்டுமானால் ஜ்வார் என்று கேளுங்கள். காராமணி லோபியா, பட்டாணி மட்டர், கொள்ளு குல்தீ.

சட்னிக்குப் பொட்டுக்கடலை வாங்குவதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். புனா சனா என்று கேட்டால், தோலோடு வறுத்த கொண்டைக்கடலை வரும். மாலையில் கொறிக்க ஏற்றது அது. நமக்கு வேண்டியது 'பினா சில்கே கா', அதாவது தோல் இல்லாதது. 'புனீ சனா தால்' என்றும் கேட்கலாம். மும்பையிலோ குஜராத்திலோ இருந்து வந்தவர்கள் இதைத் தாலியா என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்தச் சொல்லைத் தில்லிக்கு எடுத்துப் போகாதீர்கள். அங்கே தலியா என்றால் உடைத்த கோதுமை. கஞ்சி காய்ச்சும் கோதுமை நொய்தான் பொட்டலத்தில் வரும்.

அரிசியும் மாவும்

சாவல் என்றால் அரிசி. வெந்த சோற்றுக்கும் சாவல்தான். கடைக்காரர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, பாஸ்மதியா பர்மலா என்பது. பர்மல், பாஸ்மதி அல்லாத நீள அரிசி, விலை குறைவு. அன்றாடச் சாப்பாட்டுக்குப் பாஸ்மதி வாங்கிச் சாம்பார் ஊற்றிப் பிசைந்தால் நமக்கு ஒட்டாது. ஆகவே பர்மலில் தொடங்கி, பெரிய கடைகளில் கிடைக்கும் சோனா மசூரிக்குப் போகலாம்.

அடுத்த கேள்வி நயாவா புரானாவா என்பது. நயா புது அரிசி, குழையும். புரானா பழைய அரிசி, உதிரியாக வேகும், விலையும் கூடுதல். தயிர் சாதத்துக்கும் பொங்கலுக்கும் நயா வாங்கினால் குறை ஒன்றும் இல்லை.

புழுங்கலரிசிக்குச் சொல் சேலா. இட்லிக்குப் பர்மல் சேலா வாங்கிப் பாருங்கள். இட்லி அரிசி என்றே எழுதிய பை கிடைக்காத பேட்டைகளில் இதுதான் கைகொடுக்கும். கடைக்காரர் பீகார்க்காரராக இருந்தால் உஸ்னா என்று சொல்லுங்கள். புழுங்கலுக்கு அவர்கள் பக்கம் அதுதான் சொல், பச்சரிசிக்கு அர்வா. அவலுக்கும் இப்படி இரண்டு பேர்: தில்லியில் போஹா, பீகாரில் சூடா. பொரி முர்முரா. ஜவ்வரிசி சாபூதானா.

மாவு என்று வந்துவிட்டால் ஒரு எச்சரிக்கை. மாவா என்பது மாவு இல்லை; பாலைச் சுண்டக் காய்ச்சிய கோவா. மிட்டாய்க் கடையிலும் பால் கடையிலும் கிடைக்கும், விலையும் அதிகம். மாவுக்குச் சொல் ஆட்டா. ஆட்டா என்று மட்டும் சொன்னால் கோதுமை மாவு. அரிசி மாவு, சாவல் கா ஆட்டா. கடலை மாவுக்கு மட்டும் தனிப்பெயர், பேசன். மைதா மைதாவேதான். ரவைக்குச் சூஜி.

பேட்டைக்கு ஒரு சக்கீ இருக்கும். சக்கீ என்றால் மாவு மில். கோதுமையை அங்கேயே வாங்கி, கண்ணெதிரே அரைத்து வாங்கலாம். அரைக்கும் முன் அவர் கேட்பது 'பாரீக் யா மோட்டா?' பாரீக் நைசு, மோட்டா கொரகொரப்பு. சப்பாத்திக்குப் பாரீக் என்று சொல்லுங்கள். இடியாப்பத்துக்கு அரிசி கொண்டுபோனாலும் அதே சொல்தான். மிளகாயும் மல்லியும் கொண்டுபோனால் பலர் மறுத்துவிடுவார்கள், அடுத்து வரும் கோதுமை மாவில் வாடை ஏறும் என்று. அதற்கு மசாலா சக்கீ எங்கே இருக்கிறது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

சிறுதானியத்தில் நம்மவர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. நவராத்திரி விரதத்தில் வடக்கே தானியம் சேர்க்காமல் சமா கே சாவல் சமைத்துச் சாப்பிடுவார்கள். சமா என்ற ஒலியைக் கேட்டு அதைச் சாமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது குதிரைவாலி. சாமைக்கு இந்தியில் குட்கீ. கம்பு பாஜ்ரா, தினை கங்னீ, வரகு கோதோ. கேழ்வரகை இப்போது எல்லாரும் ராகி என்றே சொல்கிறார்கள். உத்தராகண்ட் மக்களிடம் வாங்கினால் மண்டுவா என்று கேளுங்கள், புது மாவாகக் கிடைக்கும். அதே நவராத்திரி நாட்களில் கடை வாசலில் குட்டூ கா ஆட்டா, சிங்காடே கா ஆட்டா, சேந்தா நமக் மூன்றும் அடுக்கியிருக்கும். முதல் இரண்டும் விரதத்துக்கான மாவுகள், மூன்றாவது இந்துப்பு. காலா நமக் என்பது வேறு. கந்தக வாடை உள்ள கறுப்பு உப்பு அது. சமையலில் உப்புக்குப் பதிலாகப் போட்டால் குழம்பின் மணமே மாறிவிடும்.

மசாலாவில் மாறிப்போகும் ஜோடிகள்

மசாலாப் பெயர்களில் பாதி, நாம் முன்பே கேள்விப்பட்டவை. ஜீரா சீரகம், ஹல்தி மஞ்சள், இம்லி புளி, லோங் கிராம்பு, தால்சீனி பட்டை, தேஜ் பத்தா பிரிஞ்சி இலை, ஜாய்ஃபல் ஜாதிக்காய், ஜாவித்ரி ஜாதிபத்திரி. இவற்றில் குழப்பம் இல்லை. குழப்பம் ஜோடிகளில்தான்.

சோன்ஃப் என்றால் சோம்பு. சோன்ட் என்றால் சுக்கு. அவசரத்தில் கடைசி எழுத்து காதில் விழாது. ரசத்துக்கும் கஷாயத்துக்கும் சுக்கு கேட்டுப் போனவர் சோம்போடு திரும்பி வருவது சாதாரணமாக நடக்கும். 'சூக்கா அதரக்', அதாவது காய்ந்த இஞ்சி என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. ஓமம் அஜ்வாயின், அதில் குழப்பத்துக்கு இடமே இல்லை.

தனியா என்ற சொல்லை நாம் விதைக்கு மட்டும் வைத்திருக்கிறோம். அங்கே தனியா என்றால் முதலில் கொத்தமல்லித் தழை. காய்கறிக்காரரிடம் தனியா கேட்டால் கட்டுத் தழைதான் வரும். விதைக்குச் சாபுத் தனியா என்று மளிகைக் கடையில் கேட்க வேண்டும். தழையை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ஹரா தனியா. மேதியும் இப்படித்தான். மேதி என்றால் வெந்தயக்கீரை, மேதி தானா என்றால் வெந்தயம், கசூரி மேதி என்றால் காய்ந்த இலை. தானா என்றால் மணி, விதை.

கடுகில் ராயி, சர்ஸோன் என்று இரண்டு. தாளிக்க நமக்கு வேண்டிய சின்னக் கடுகு ராயி. சர்ஸோன் கொஞ்சம் பெரிசு. எண்ணெய் ஆட்டுவதும் கீரையாகக் கடைவதும் அதைத்தான். சர்ஸோன் கா தேல் கடுகெண்ணெய். நல்லெண்ணெய் தில் கா தேல். தேங்காய் எண்ணெய் கேட்டால் பல கடைகளில் தலைக்குத் தேய்க்கும் புட்டியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். 'கானே வாலா', அதாவது சாப்பிடுவதற்கானது என்று சொல்லுங்கள். கானே என்பதில் 'கா' அழுத்தி, மூச்சோடு வர வேண்டும்.

காலி மிர்ச் என்றால் மிளகு. லால் மிர்ச் காய்ந்த மிளகாய், ஹரி மிர்ச் பச்சைமிளகாய், ஷிம்லா மிர்ச் குடைமிளகாய். தீகீ என்பது காரம் என்ற பண்புச்சொல். தேகீ மிர்ச் என்பதோ நிறத்துக்காகப் போடும், காரம் குறைந்த மிளகாய்த் தூள். வற்றல் குழம்புக்குத் தேகீ மிர்ச் வாங்கினால் நிறம் மட்டும் வரும், உறைப்பு வராது. கலோஞ்ஜி கருஞ்சீரகம்; காலா ஜீரா வேறு மசாலா. கறுப்பு என்ற சொல்லை வைத்து இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

ஹீங் என்றால் பெருங்காயம். உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸ் ஊரில் பதப்படுத்தியது பெயர்பெற்றது. பொடியை விடக் கட்டியாக வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். பொடியில் மாவுதான் அதிகம். மசாலாவைத் தேர்ந்தெடுத்து வாங்க விரும்பினால், சாந்தினி சௌக்கின் மேற்குக் கோடியில் ஃபதேபுரி மசூதிக்குப் பக்கத்தில் காரீ பாவ்லி இருக்கிறது. நெடி தாங்காமல் தும்முவீர்கள். ஆனாலும் ஒருமுறை போய்வாருங்கள். மூட்டை மூட்டையாகத் திறந்து வைத்திருக்கும் மிளகாயிலும் ஏலக்காயிலும் தரத்துக்குத் தரம் உள்ள வித்தியாசத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும்போதுதான், இந்தச் சொற்களெல்லாம் மனத்தில் தங்கும்.

இனிப்பில் ஒரு நிம்மதி. சர்க்கரைக்கு இந்தியிலும் சீனிதான். மதுரை, திருநெல்வேலிக்காரர்கள் வீட்டுச் சொல்லையே பேசலாம். ஷக்கர் என்று கேட்டால், பஞ்சாபிக் கடையில் பொடித்த நாட்டுச் சர்க்கரை வரக்கூடும். வெல்லம் குட். கற்கண்டு மிஸ்ரி. ஆப்ப சோடா மீட்டா சோடா.

காய்கறித் தள்ளுவண்டி

வண்டிக்காரர் வீட்டு வாசலுக்கே வருவார், காயைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். அதனால் இங்கே எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையில்லை. மாறிப்போகக் கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

தில்லியில் சீதாஃபல் என்றால் பரங்கிக்காய். நம் சீத்தாப்பழத்துக்கு அங்கே ஷரீஃபா என்று பேர். மும்பையில் சீதாஃபல் என்றால் சீத்தாப்பழமே. ஆகவே இதில் ஊரைப் பார்த்துப் பேச வேண்டும். பரங்கிக்குக் கத்தூ என்றால் எல்லா ஊரிலும் புரியும். வெண்பூசணி பேட்டா, ஆக்ராவின் பேட்டா மிட்டாய் அதில் செய்வதுதான். கோபி என்று மட்டும் சொன்னால் காலிஃப்ளவர். முட்டைக்கோஸுக்குப் பத்தா கோபி அல்லது பந்த் கோபி, நூல்கோலுக்கு காண்ட் கோபி. சுரைக்காய்க்குத் தில்லியில் கீயா, மற்ற இடங்களில் லோகீ. கீரா என்றால் வெள்ளரிக்காய். கீயாவும் கீராவும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும்போது எழுத்து மாறாமல் சொல்லுங்கள்.

தோரீ என்று கேட்டால் வழவழப்பான மெழுகுப் பீர்க்கங்காய் வரும். நாம் துவையல் அரைக்கும், வரம்பு வைத்த பீர்க்கங்காய்க்குத் 'தாரீவாலீ தோரீ' என்று கேட்க வேண்டும். டிண்டாவுக்கும் பர்வலுக்கும் நம் ஊரில் வழக்கில் சொல் இல்லை, காயும் இல்லை. பர்வலைக் கோவைக்காய் வதக்கல் மாதிரிச் செய்யலாம். டிண்டா கூட்டுக்கு நன்றாகச் சேரும். சேப்பங்கிழங்கு அர்பீ, சேனைக்கிழங்கு ஜிமீகந்த், அவரைக்காய் சேம், கொத்தவரங்காய் க்வார் கீ ஃபலீ, முருங்கைக்காய் சஹ்ஜன் கீ ஃபலீ. ஃபலீ என்றால் நீளமாகத் தொங்கும் காய். கச்சா என்றால் பழுக்காதது, சமைக்காதது: கச்சா கேலா வாழைக்காய், கச்சா ஆம் மாங்காய். கீரைக்குப் பொதுச்சொல் சாக்; குளிர்காலத்தில் வரும் பத்துவா, நம் சக்கரவர்த்திக் கீரை.

தேங்காய்க்கு நாரியல் என்றால் பாதிப் பதில்தான். கோலா என்றால் கொப்பரை. துருவிப் பொரியலில் போட வேண்டியது 'பானீ வாலா நாரியல்'. நாரியல் பானீ என்று சொல்லை மாற்றிப் போட்டால் இளநீர். கறிவேப்பிலை கடீ பத்தா; மீட்டா நீம் என்றும் சொல்வார்கள். குடியிருப்புகளில் மீட்டா நீம் மரம் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேட்டு வையுங்கள். அவர்கள் சமையலில் அதற்கு வேலை குறைவு, சந்தோஷமாகப் பறித்துக்கொள்ளச் சொல்வார்கள். சின்ன வெங்காயம், வாழைப்பூ, நம் ஊர் வகை வெள்ளரி எல்லாம் தள்ளுவண்டியில் தேட வேண்டாம். தில்லி ஹாட்டுக்கு எதிரே உள்ள ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்கும். அங்கே கடைக்காரர்கள் பலருக்கு இந்தச் சாமான்களின் தமிழ், மலையாளப் பெயர்களே தெரியும். மீனும் அங்கேயேதான்: வஞ்சிரம் சுர்மயீ, இறால் ஜீங்கா, அயிலை பாங்கடா. இறைச்சிக் கடையில் மீட் என்றாலே ஆட்டுக்கறி. கோழிக்கு முர்கா அல்லது சிக்கன், ஈரலுக்குக் கலேஜீ.

பாவ் கேட்டு, பாவில் வாங்குதல்

தமிழில் எழுதினால் இரண்டும் பாவ். காதுக்கு வேறு வேறு. 'க்யா பாவ்?' என்பதில் பாவ், பரத நாட்டியத்தில் சொல்லும் பாவத்தின் 'பா'. அதற்குப் பொருள் விலை. 'ஏக் பாவ்' என்பதில் வருவது, பாட்டின் 'பா'. அதற்குப் பொருள் கால் கிலோ, 250 கிராம். ஆதா பாவ் 125 கிராம், தீன் பாவ் 750 கிராம்.

வண்டிக்காரர் சொல்லும் விலை கிலோவுக்கா பாவுக்கா என்று கேட்டுவிடுங்கள். இஞ்சி, பூண்டு, காளான் போல விலை கூடின சாமான்களுக்குப் பாவ் கணக்கில் சொல்வது வழக்கம். அது ஏமாற்று இல்லை, அங்கே எல்லாருக்கும் தெரிந்த நடைமுறை. 'கிலோ கா யா பாவ் கா?' என்ற ஒரு கேள்வி போதும்.

பின்ன எண்களை ஒருமுறை உட்கார்ந்து மனப்பாடம் செய்தே தீர வேண்டும். ஸவா ஒன்றேகால், டேட் ஒன்றரை, பௌனே தோ ஒன்றே முக்கால், டாயீ இரண்டரை, சாடே தீன் மூன்றரை. ஏக், தோ, தீன் மட்டும் படித்தவர்களுக்கு இவை எட்டாது. விலையிலும் இவை வரும்: டேட் ஸௌ 150 ரூபாய், டாயீ ஸௌ 250 ரூபாய். ஸௌ என்பது மட்டும் காதில் விழுந்து நூறு ரூபாய்த் தாளை நீட்டினால், அவரும் விழிப்பார் நீங்களும் விழிப்பீர்கள்.

வாங்கி முடித்ததும் 'தோடா தனியா-மிர்ச் டால் தோ, பையா' என்று சொல்லலாம். கைப்பிடி மல்லித்தழையும் நாலு பச்சைமிளகாயும் கொசுறாகப் போடுவது தில்லி வழக்கம். கூச்சப்பட வேண்டியதில்லை. பையா என்பது அண்ணன் முறை. வயதானவரானால் பாபாஜி, காய் விற்பவர் பெண்ணானால் தீதீ அல்லது அம்மாஜி.

பாத்திரக் கடையில்

பாத்திரத்துக்குப் பொதுச்சொல் பர்த்தன். மொத்தமாகக் குடித்தனம் போடுகிறவர்கள் சதர் பஜாரில் டெப்டி கஞ்ஜுக்குப் போகலாம். தெரு முழுக்க எவர்சில்வர்தான். தீபாவளிக்கு முன் வரும் தன்தேரஸ் அன்று பாத்திரம் வாங்குவது அங்கே ஐதீகம், அந்த வாரம் கூட்டம் நெரியும். நிதானமாகப் பார்த்து வாங்க நினைப்பவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

பத்தீலா என்பது கைப்பிடி இல்லாத, விளிம்பு மடித்த பாத்திரம். பால் காய்ச்சவும் சாம்பார் வைக்கவும். சின்னதானால் பத்தீலீ. இதைத் தூக்க இடுக்கி வேண்டும், அதற்குப் பேர் சன்சீ. சிம்டா வேறு: சப்பாத்தியைத் தணலில் திருப்பும் நீள இடுக்கி. கடாயீ வாணலி. பராத், மாவு பிசையும் விளிம்பு உயர்ந்த பெரிய தட்டு. சப்பாத்திப் பலகை சக்லா, உருட்டும் கட்டை பேலன். கரண்டி கர்ச்சீ, தோசை திருப்பி பல்டா, ஜல்லிக் கரண்டி ஜாரா, வடிகட்டி சன்னீ, துருவி கத்தூகஸ், கிண்ணம் கட்டோரீ, மூடி டக்கன், அஞ்சறைப் பெட்டி மசாலாதானீ. இடிகல்லுக்கு இமாம்தஸ்தா. அம்மிக்குச் சில்-பட்டா.

தவா வாங்குவதில் நான் ஒன்றை வலியுறுத்துவேன். வடக்கே ரொட்டி சுடும் தவா நடுவில் சற்றுக் குழிந்திருக்கும். அதில் தோசை வார்த்தால் மாவு நடுவுக்கு ஓடி, நடுவில் தடித்து ஓரத்தில் கருகும். 'சபாட் தவா', தட்டையான தவா என்று கேளுங்கள். அதற்கு அவர் கேட்பது 'லோஹே கா யா நான்ஸ்டிக்?' லோஹா என்றால் இரும்பு. அடுத்து 'ஹல்கா யா பாரீ?' ஹல்கா லேசானது, பாரீ கனமானது. தோசைக்கு லோஹே கா, பாரீ. கையில் தூக்கிப் பார்த்து, தரையில் வைத்து ஆடாமல் நிற்கிறதா என்றும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உலோகப் பெயர்கள்: பீதல் பித்தளை, தாம்பா செம்பு, காந்ஸா வெண்கலம். பித்தளையும் செம்பும் எடைக்குத்தான் விலை. பித்தளையில் சமைக்கிறவர்கள் கலயீ என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் ஈயம் பூசுவது என்று சொல்கிறோமே, அதுதான். உள்ளே கலயீ போன பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது. வாங்கும்போதே 'கலயீ ஹுயீ ஹை?' என்று கேட்டு, உள்பக்கம் வெள்ளையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

குக்கருக்கு ரபட் என்றால் கேஸ்கட், சீட்டீ என்றால் விசில். இட்லித் தட்டுக்கும் முறுக்கு அச்சுக்கும் ஸாஞ்சா: இட்லி கா ஸாஞ்சா, சேவ் கா ஸாஞ்சா. சேவ் போடும் அச்சில் ஓமப்பொடித் தட்டு கட்டாயம் இருக்கும், தேன்குழல் தட்டு இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

அடுப்படியில்

சமையலுக்கு ஆள் வைத்துக்கொண்டால் இதுவரை படித்த பெயர்ச்சொற்கள் போதாது. வினைச்சொற்கள் வேண்டும். பிகோனா ஊறவைப்பது, பீஸ்னா அரைப்பது, கூட்னா இடிப்பது, காட்னா நறுக்குவது, சீல்னா தோல் சீவுவது, சான்னா சலிப்பது, கூந்த்னா மாவு பிசைவது, பேல்னா தேய்ப்பது, ஸேக்னா தவாவிலோ தணலிலோ சுடுவது, தல்னா எண்ணெயில் பொரிப்பது, உபால்னா கொதிக்கவைப்பது. பூன்னா என்ற சொல்லை மட்டும் நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள். வெறும் வாணலியில் ரவை வறுப்பதும் பூன்னா, வெங்காயம் தக்காளி மசாலாவை எண்ணெய் பிரியும்வரை வதக்குவதும் பூன்னா. மிளகாயையும் மல்லியையும் எண்ணெய் விடாமல் வறுக்க வேண்டுமானால் 'பினா தேல் கே பூன்னா' என்று சேர்த்துச் சொன்னால்தான் நம் சாம்பார்பொடி சரியாக வரும்.

அரைப்பதற்கு, கொரகொரப்பு என்றால் தர்தரா, நைசு என்றால் பாரீக். அடைக்குத் தர்தரா, இட்லிக்கு உளுந்து பாரீக். தாளிப்புக்குத் தட்கா, சிலர் சௌங்க் என்பார்கள். நம் வழக்கம் கடுகு வெடித்த பிறகு உளுந்து, அதன் பிறகு கறிவேப்பிலை. அங்கே தட்கா என்றாலே ஜீராவும் ஹீங்கும்தான். 'பெஹ்லே ராயீ', முதலில் கடுகு என்று சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.

சமைத்ததன் பெயர்களிலும் சில மாறும். கிச்சடி என்று சொன்னால் ரவைக் கிச்சடி வராது. அரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்தது வரும், நம் வெண்பொங்கலுக்குப் பக்கத்து உறவு. ரவைக் கேசரி வேண்டுமானால் சூஜீ கா ஹல்வா. கடீ என்பது கறி இல்லை. தயிரும் கடலைமாவும் கரைத்துக் காய்ச்சி, பகோடா போட்ட மோர்க்குழம்பு. சப்ஜி என்றால் காயும் அதுதான், சமைத்த கறியும் அதுதான். பொரியல் மாதிரி வேண்டுமானால் சூக்கீ சப்ஜி, குழம்பாக வேண்டுமானால் தரீ வாலீ. பாயசம் கீர், ஊறுகாய் அசார், அப்பளம் பாபட், தயிர் தஹீ. மோருக்கு சாச், உறையில் வருவதில் மசாலா சேர்த்தது உண்டு, 'சாதா' என்று பார்த்து வாங்குங்கள். தில்லியில் மதர் டெய்ரி 1974இல் தொடங்கியது. அதன் பூத்களில் பாத்திரம் கொண்டுபோய்ப் பிடிக்கும் உதிரிப் பாலை இன்றும் 'டோக்கன் வாலா தூத்' என்றே சொல்கிறார்கள்.

முதல் நாள் சமையலம்மாவிடம் சொல்லி வைக்க, இவற்றை அப்படியே வாசித்துப் பழகலாம். மரியாதையாக, தீதீ என்று அழைத்துத் தொடங்குங்கள்.

"தீதீ, சாவல் ஔர் உடத் அலக்-அலக் பிகோனா." (அக்கா, அரிசியையும் உளுந்தையும் தனித்தனியாக ஊறவைக்கணும்.)

"பியாஸ் பாரீக் காட்னா." (வெங்காயத்தைப் பொடியாக நறுக்கணும்.)

"மிர்ச் கம், இம்லீ தோடீ ஸ்யாதா." (மிளகாய் குறைவு, புளி கொஞ்சம் கூடுதல்.)

"தீன் சீட்டீ கே பாத் கைஸ் தீமா கர் தேனா." (மூணு விசில் வந்ததும் அடுப்பைக் குறைச்சிடுங்க.)

"நாரியல் ஸப்ஸே ஆகிர் மே." (தேங்காய் எல்லாத்துக்கும் கடைசியில்.)